மனுவில் ஏழாவது நம்பர்

பாப்பா,

இதை நீ படிக்கும்போது உனக்குப் பதினெட்டு முடிந்திருக்கும். பாப்பா என்று கூப்பிட்டால் முறைப்பாய். முறைத்துக்கொள். இன்றைக்கு உனக்கு ஏழு வயது, எனக்கு முப்பத்து நாலு. காலையில் ஸ்பானரை எடுத்து உன் சைக்கிளின் பின்னால் இருந்த இரண்டு குட்டிச் சக்கரங்களையும் கழற்றினேன். நீ வாசலிலிருந்து கிளம்பி, ஒரு டிகிரிகூடப் பிசகாமல், நேராகப் போய் எதிர்வீட்டு முருங்கை மரத்தில் மோதினாய். தெரு அகலம் பதினைந்து அடி, மரத்தின் அகலம் முக்கால் அடி. அந்தக் குறி எனக்குப் பிடித்திருந்தது. நம் வீட்டுக்கு வந்திருந்த பேச்சி அத்தை உன் முழங்கையைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது நீ என் முழங்கைத் தழும்பைப் பார்த்து, "நீ எப்பிடிப்பா விழுந்த?" என்று கேட்டாய். மில்லில் மெஷின் பட்டது என்றேன். உடனே அடுத்த கேள்வி: "பேச்சி அத்தை ஒங்கூடப் பொறந்த அக்காதான? பொறவு ஏன் ஒங்க கல்யாண போட்டோவுல இல்ல?" கேமராவுக்குப் பின்னால் நின்றாள் என்றேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் இரண்டு பொய். இரண்டும் ஒரே கதையைப் பற்றியவை. இப்போதே உண்மையைச் சொன்னால் நாளைக்குப் பள்ளி வேனில் ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்க ஒலிபரப்பிவிடுவாய். அதனால் எழுதி வைக்கிறேன். உறையில் போட்டு ஒட்டவில்லை. ஒட்டினாலும் உன் அம்மா பிரித்துப் படிப்பாள். எதற்குப் பசையை வீணாக்க வேண்டும்?

எனக்குச் சுற்றி வளைக்க வராது. பேச்சி அத்தை என் கூடப் பிறந்தவள் இல்லை. உனக்கு ஒன்றரை வயது ஆகும்வரை அவள் யார் என்றே நமக்குத் தெரியாது. ராஜபாளையம் ஊர் எல்லையில் ஒரு பஸ் நிறுத்த நிழற்குடையில், வீடில்லாமல் தங்கியிருந்தாள். அங்கிருந்தும் அவளைக் கிளப்பிவிட்டவன் உன் அப்பன். கோபத்தில் இல்லை, குடித்துவிட்டு இல்லை. எழுத்துமூலமாக, புகைப்படம் இணைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு.

முதலில் நான் ஏன் சைக்கிள் ஓட்டினேன் என்று சொல்ல வேண்டும். நீ பிறந்த அடுத்த வருடம் மில்லில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். என் காகிதத்தைப் பார்த்த டாக்டர், "சுகர் வாசல்ல வந்து நிக்கி" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் எடுத்தவனுக்கு வாசலில் வேறு என்ன வந்து நிற்கும்? மாமியார் வீட்டுக்குப் போனால் பால்கோவா. கோபித்துக்கொண்டு கிளம்பி வந்தால் சமாதானத்துக்குப் பின்னாலேயே பால்கோவா. உன் அம்மாவுக்குக் கோர்ட்டில் தட்டச்சர் வேலை, அதனால் குடியிருப்பு இங்கே. எனக்கு ராஜபாளையத்தில் நூல் மில்லில் மெயின்டனன்ஸ், அதனால் உழைப்பு அங்கே. நடுவில் பதினோரு கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு சைக்கிள் வாங்கினேன். ஹெல்மெட்டும் வாங்கினேன். சைக்கிளுக்கு ஹெல்மெட் போட்டவனை இந்த ரோடு அதுவரை பார்த்ததில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தலையை வெளியே நீட்டி, "தம்பி, பேட்டிங்கா, பவுலிங்கா?" என்றார். ஒரு வாரம் தினமும் அதே பஸ், அதே ஜன்னல், அதே கேள்வி.

அந்த ரோட்டைப் பற்றி உனக்கு இப்போது சொன்னால் புரியாது, ஓட்டும்போது புரியும். கேரளாவுக்குப் போகிற லாரிக்கு நீ ஒரு கொசு. பஸ் டிரைவருக்கு நீ ஒரு சொந்தக்காரன், ஹாரன் அடித்து நலம் விசாரிக்காமல் போகமாட்டார். பால் கேன் கட்டிய வண்டி எதிர்த்திசையில் உன் நெஞ்சுக்கு நேராக வரும், வருகிறவர் உன்னைப் பார்த்து "ஓரமா போகக்கூடாதா?" என்பார். அமாவாசைக்கு மறுநாள் ரோடு முழுக்க உடைத்த பூசணிக்காய். ஊர்க்காரர்களின் கண்ணேறு எல்லாம் கழிந்து என் முன்சக்கரத்தில் ஏறிக்கொள்ளும். இரண்டு தடவை வழுக்கினேன். மூன்றாவது தடவை முடிவு செய்தேன், இதை முறையாக அணுக வேண்டும் என்று. நான் மெக்கானிக்கல் படித்தவன். மெஷின் கோளாறு என்றால் புலம்ப மாட்டோம், பட்டியல் போடுவோம். எந்த இடம், என்ன கோளாறு, பத்துக்கு எத்தனை ஆபத்து. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆரம்பித்து ராஜபாளையம் வரை, ரோட்டில் வருகிற வரிசையிலேயே நம்பர் போட்டேன். ஒன்று முதல் ஐந்து வரை பள்ளம், உடைந்த ஓரம், விளக்கில்லாத திருப்பம், பூசணிக்காய், மண்டப வாசலில் ரோட்டைத் தோண்டி நட்ட வாழைமரம். ஆறும் ஏழும்தான் அந்த நிழற்குடை.

அந்த நிழற்குடையை யாரோ நல்ல மனசோடு கட்டியிருக்கிறார்கள். கிரானைட் பெஞ்சு, டியூப் லைட்டு, எல்லாம் உண்டு. பஸ் மட்டும் நிற்காது. டிரைவர்கள் வழக்கம்போல நாற்பது அடி தள்ளி, சீனி அண்ணாச்சி டீக்கடை முன்னால்தான் நிறுத்துவார்கள். ஜனமும் அங்கேதான் நிற்கும். பஸ் வராத நிழற்குடையில் பேச்சியக்கா இருந்தாள். அப்போது ஐம்பதைத் தொடுகிற வயது. ஒரு மூட்டை, ஒரு தூக்குவாளி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஏதோ ஒன்று. நான் தாயத்து என்று நினைத்தேன். கூட ராஜா. ராஜா ஒரு நாய். "சுத்தமான ராஜபாளையம்" என்று அவள் எல்லாரிடமும் சொல்லுவாள். ஒருநாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ராஜபாளையம் நாய்னா வெள்ளையால இருக்கும்? இது செங்கல் கலர்ல இருக்கே" என்றேன்.

"குளிக்கல" என்றாள்.

அதோடு ராஜாவுக்கும் எனக்கும் ஆகாமல் போயிற்று. காலை ஏழு இருபதுக்கு என் கெண்டைக்கால் அந்த இடத்தைக் கடக்கும், அது தயாராக நிற்கும். அவள் பெஞ்சில் உட்கார்ந்தபடி, "ஏலே ஹெல்மெட்டு, மிதில மிதி! அந்தா வந்துட்டான்!" என்று உற்சாகப்படுத்துவாள். என்னையா, நாயையா என்று தெரியாது. இதற்கு மேல், சாயங்காலம் நான் திரும்பி வரும்போது நிழற்குடைக்கு எதிரே, ரோட்டிலேயே, ஒரு வேப்பங்கிளை நட்டிருக்கும். கிளையில் வெள்ளைத் துணியைக் கிழித்து நீளநீளமாகக் கட்டியிருக்கும். காற்றில் ஆடும். கீழே கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்கும். அதை விட்டு விலகி நான் ரோட்டு நடுவே போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். காலையில் கிளை இருக்காது. சாயங்காலம் மறுபடி இருக்கும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மனுவில் எழுதினேன், என் கையாலேயே: "ஆறு. தினமும் மாலையில் சாலையின்மீது கிளை நட்டு வெள்ளைத் துணி கட்டி வைக்கப்படுகிறது. மாந்திரீகம் தொடர்பானதாக இருக்கலாம். இதனால் மிதிவண்டியில் செல்வோர் விலகிச் செல்ல நேரிடுகிறது. ஆபத்து: பத்துக்கு எட்டு. ஏழு. பயணியர் நிழற்குடையை ஆக்கிரமித்துள்ள பெண்மணி மற்றும் நாய். ஆபத்து: பத்துக்கு ஒன்பது." எனக்குத் தமிழ் இவ்வளவு நன்றாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உன் அம்மா படித்துப் பார்த்தாள். அவள் கோர்ட்டில் மனுக்களோடு குடித்தனம் நடத்துகிறவள். "ஏங்க, மனுன்னா ஒரே ஒரு விஷயம் கேக்கணும். ஏழு கேட்டா, அதுல எது லேசோ அதை மட்டும் செஞ்சிட்டு ஃபைலை மூடிருவாங்க" என்றாள். என் பட்டியலில் எதுவுமே லேசு கிடையாது என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் ஏழாவது நம்பரில் விரலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கவனிக்கவில்லை. பாப்பா, உன் அம்மா விரலை எங்கே வைக்கிறாள் என்று பார்க்கப் பழகு. வாயால் சொல்வதைவிட அது சுருக்கம்.

மனுவை எங்கே கொடுத்தேன் என்று எழுத மாட்டேன். மூன்று இடத்தில் "இந்த ரோடு எங்களுது இல்ல சார்" என்றார்கள். நாலாவது இடத்தில் சீல் குத்தி வாங்கிக்கொண்டார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலை, ஏழு இருபதுக்கு, நாய் வரவில்லை. நிழற்குடை காலி. பெஞ்சைக் கழுவி பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். அந்த வாரமே தபாலில் பதில்: மனுவில் கண்ட ஆறு, ஏழு ஆகியவற்றின்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது, ஏனையவை பரிசீலனையில் உள்ளன. இப்போது நான் சொல்லப் போவதை உன்னிடம் ஒளிக்க ஆசைதான். ஆனால் ஒளிக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மில் கேன்டீனில் அந்தக் கடிதத்தை எல்லாருக்கும் காட்டினேன். சிஸ்டம் வேலை செய்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை என்று ஒரு சொற்பொழிவு வேறு ஆற்றினேன். அந்தப் பெண் எங்கே போனாள் என்று கேன்டீனில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் என்னிடம் இல்லை.

மறுநாள் மழை. ஐப்பசி மழை, சாயங்காலம் ஆறரை மணிக்கே மங்கல். முந்தின சாயங்காலங்களில் பழக்கத்தில் சுற்றிக்கொண்டே போனவன், அன்றைக்குத்தான், கிளை இல்லாத ரோட்டில் நேராக வந்தேன். தேங்கிய தண்ணீருக்குள் முன்சக்கரம் இறங்கியது. இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. சைக்கிள் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. அந்தரத்தில் இருந்தபோது எனக்குத் தோன்றியது, இது பட்டியலில் இல்லையே என்பதுதான். பதினோரு கிலோமீட்டரில் இருந்ததிலேயே பெரிய குழி, குடிதண்ணீர்க் குழாய் கசிந்து கசிந்து உள்ளுக்குள்ளேயே அரித்த குழி, என் பட்டியலில் இல்லை. எப்படி இருக்கும்? அந்தக் கிளை என்னை ஒருநாள்கூட அதன் பக்கத்தில் விட்டதில்லையே.

சீனி அண்ணாச்சி ஓடி வந்தார். அவர் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், பதறினால் மறுபடி தெலுங்கு. "அய்யோ தேவுடா!" என்று என்னைத் தூக்கி நிறுத்தி, பின்னால் வந்த லாரிக்குக் கையைக் காட்டி நிறுத்தினார். லாரி எனக்கு நாலடி தள்ளி நின்றது. அந்த நாலடியை நான் பலமுறை அளந்து பார்த்திருக்கிறேன், மனசுக்குள். கடையில் உட்கார வைத்து, பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி, அதிலிருந்து வெள்ளைத் துணியை உருவி என் முழங்கையைச் சுற்றிக் கட்டினார். கட்டிக்கொண்டே புலம்பினார். "பேச்சி இருந்தா வெளக்கு வைக்கிற நேரத்துக்குக் கிளையை நட்டிருப்பா. சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணித் தறியில வேலை பாத்தவ தம்பி. கழிவுத் துணியை வாங்கியாந்து, வண்டி லைட்டுல பளிச்சுனு தெரியணும்னு கிழிச்சுக் கிழிச்சுக் கட்டுவா. ஒரு வருசமா ஒருத்தன் விழலியே. எவனோ ஒரு ஹெல்மெட்டுக்காரன் மனுப் போட்டு வேன்ல ஏத்திவிட்டுட்டான். அவன் நல்லா இருப்பானா?"

நான் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தேன். தாடைக்குக் கீழே வார் பூட்டியபடி. என்ன சொன்னேன் தெரியுமா? "அது வேற ஹெல்மெட்டு அண்ணாச்சி" என்றேன்.

அவர் டீயில் சர்க்கரை போடாமல் கொடுத்தார். என் சுகர் அவருக்குத் தெரியாது. அது தண்டனைதான்.

மில்லில் என் வேலையே இதுதான் பாப்பா. நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மெஷின் ஒன்று கெட்டுப்போனால் நான்தான் சிவப்பு அட்டையை எழுதி அதில் தொங்கவிடுவேன், யாரும் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது என்று. தினமும் பத்து அட்டை மாட்டுகிறவன், ரோட்டில் ஒருத்தி மாட்டிய வெள்ளை அட்டையைப் பார்த்து மாந்திரீகம் என்று எழுதிக் கொடுத்தேன். கடை வாசலில் ராஜா படுத்திருந்தது. வேனில் நாயை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். என் கெண்டைக்காலைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை. கடிக்கவாவது செய்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று தயாராக இருந்தேன். "எந்த வேன், எங்க கொண்டு போச்சுன்னு கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. அவள் அங்கே இங்கே போன் போட்டு ஒரே நாளில் கண்டுபிடித்தாள்: சுந்தரபாண்டியம் பக்கம் ஒரு காப்பகம். ஞாயிற்றுக்கிழமை உன்னை அம்மாச்சியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். உன் அம்மா ஸ்கூட்டர் ஓட்ட, அண்ணாச்சி கடையிலிருந்து கூட்டிவந்த ராஜா முன்னால் நின்று காற்று வாங்க, பின்னால் நான் தொட்டில் கட்டிய கையோடு. கால்நடை ஆஸ்பத்திரிக்கு யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

காப்பகத்தில் கெட்டவர்கள் யாரும் இல்லை. நோட்டை விரித்து வைத்து ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். உறவுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டால் தாராளமாக அழைத்துப் போகலாம் என்றார். "நீங்க என்ன ஒறவு?" என்றார். நான் உண்மை பேசுகிறவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிற ஆள். "மனுதாரர்" என்றேன். உன் அம்மா என் நல்ல கையில் கிள்ளிவிட்டு, "தம்பிங்க. கூடப்பொறந்த தம்பி" என்றாள். அந்த அம்மா நோட்டில் எழுதாமல், உள்ளே ஆள் அனுப்பி பேச்சியக்காவை வரச் சொன்னார். அவள் துவைத்த சேலையில், தலை வாரி, முன்பைவிட நன்றாகத்தான் இருந்தாள். முகம் மட்டும் பூட்டியிருந்தது.

"இவரு ஒங்க தம்பியாம்மா?"

"யாரு, இந்த மூஞ்சியா? எங்க வம்சத்துல இப்பிடி வெளுத்த மூஞ்சி கெடையாது."

நான் அவள் பக்கம் குனிந்தேன். "அக்கா, மனுப் போட்டது நாந்தான்."

"தெரியும்ல. வேன்ல வந்தவிய படிச்சுக் காட்டுனாவ. அதுல என்னைய எத்தனாவது நம்பர்ல போட்ட?"

"ஏழு."

"குழிய?"

"அது... அது பட்டியல்ல இல்லக்கா."

என் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். கட்டியிருந்த துணியை விரலால் தொட்டுப் பார்த்தாள், அடையாளம் தெரிந்துவிட்டது. பிறகு சிரித்தாள் பார், நோட்டுக்கார அம்மா பயந்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "படிச்சவன்ல நீ!" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ராஜா சாப்புடுதானா?" என்று கேட்டாள். கேட்டுக்கு வெளியிலிருந்து ராஜாவே பதில் சொன்னது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. "இங்க சோறு போடுதாவ, நல்லாத்தான் வச்சிருக்காவ" என்று மெதுவாகச் சொன்னாள். "ஆனா வெளிய பூட்டிப்புட்டு, ஒன் வீடு மாதிரி நெனச்சுக்கோங்கிறாவ. எவ வீட்டுலல வெளிய பூட்டுவாவ? என் வீட்டை நான்தான் பூட்டணும்." நோட்டுப் பக்கம் திரும்பி, "தம்பின்னே எழுதிக்கோங்கம்மா. ஆனா நான் ஒத்துக்கிடல" என்றாள். அந்த அம்மா முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார். உன் அத்தை முறை அந்த நோட்டில் அப்படித்தான் பிறந்தது. நகல் என்னிடம் இருக்கிறது, இதோடு வைத்திருக்கிறேன்.

நம் வீட்டுக்கு வரச் சொன்னோம். வரமாட்டேன் என்றாள். "எனக்கு வீடு இருக்குல்ல. ரெண்டு பூட்டு தொங்குது" என்று கழுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினாள். தாயத்து இல்லை, சாவி. ராஜபாளையத்தில், அந்த நிழற்குடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அவள் புருஷன் வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி. அவர் இறந்து காரியம் முடிந்ததும் கொழுந்தன், வீடு தனக்கு என்று சொல்லி, ஒரு பூட்டைப் போட்டிருக்கிறான். இவள் அதே தாழ்ப்பாளில் தன் பூட்டையும் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். "அவன் பூட்டை நான் ஒடைச்சா நான் திருடி. என் பூட்டை அவன் ஒடைச்சா அவன் திருடன். ரெண்டு பேரும் ஒரு வருசமா யோக்கியமா இருக்கோம்" என்றாள். நான் உடனே, மில்லில் கட்டர் இருக்கிறது, ரெண்டு நிமிட வேலை என்றேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கட்டரே கருகியிருக்கும்.

ஏன் அந்த லாரிச் சத்தத்துக்கு நடுவே, ரோட்டோரம் போய்ப் படுத்தாள் என்று ஒருநாள் கேட்டேன். இது உனக்கு முக்கியம், கவனமாகப் படி. "சத்தம் இருந்தாத்தாம்ல பயமில்ல. டியூப் லைட்டு எரியும், அண்ணாச்சி நாலு மணிக்குக் கடை தெறப்பாவ, லாரி போயிக்கிட்டே இருக்கும். அமைதியான எடமாப் பாத்துப் படுத்தாத்தான் எவனாவது வருவான். ராஜா வேகமாப் போறவனத் தொரத்தாது. அந்த எடத்துக்கு வந்து மெதுவாப் போறவனத்தான் தொரத்தும்." நான் அங்கே தினமும் மெதுவாகத்தான் போனேன், போட்டோ எடுக்க. எனக்கு ஆபத்து என்று நான் அளந்த வெளிச்சமும் லாரியும் நாயும்தான் அவளுக்குச் சுவர், கதவு, தாழ்ப்பாள். ஒரே இடம்தான். நான் சைக்கிள் மேலிருந்து பார்த்தேன், அவள் பெஞ்சில் படுத்துப் பார்த்தாள். நீ நாளைக்கு எந்த ஊரில் ஓட்டினாலும், கொஞ்சம் இறங்கி நின்றும் பார்.

அடுத்த ஐந்து மாதம் அவள் அண்ணாச்சி கடைக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் இருந்தாள். நிழற்குடையில் சங்கிலி போட்டுவிட்டார்கள். சாயங்காலம் கிளை நடுவதை மட்டும் விடவில்லை. அண்ணாச்சியிடம் நான்தான் அந்த ஹெல்மெட் என்று ஒப்புக்கொண்டேன். "தெரியும் தம்பி" என்று அன்றைக்கும் சர்க்கரை போடவில்லை. உன் அம்மா இலவசச் சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து, கொழுந்தனுக்கு நோட்டீஸ் அனுப்ப வைத்தாள். அதில் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டிருந்தது: உன் பூட்டை எடு. நோட்டீசைப் பார்த்துவிட்டு அந்த ஆள், நேரில் வாங்க பேசுவோம் என்று சொல்லி அனுப்பினான்.

போனோம். தெருவே வாசலில் நின்றது. கதவில் உண்மையாகவே இரண்டு பூட்டு, இரண்டும் துருப்பிடித்து, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு தொங்கின. கொழுந்தன் ஆள் வாட்டசாட்டம். வக்கீலம்மா பேசியதையெல்லாம் காதில் வாங்காமல் என்னைப் பார்த்து, "நீ யாருல?" என்றான். அண்ணன் செத்தபோது கேட்க நாதியில்லாத பொம்பளைக்கு இன்றைக்கு எங்கிருந்து ஆள் முளைத்தது என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னான். தம்பி என்று நான் சொல்லிவிடலாம். அவள் மறுபடி அந்த மூஞ்சியா என்று கேட்டுவிட்டால்? நோட்டில் அவள் ஒத்துக்கொள்ளவில்லையே. இந்த ஆளுக்கு அது போதும், வக்கீலையும் நோட்டீசையும் சிரித்தே விரட்டிவிடுவான். நான் அவளைப் பார்த்தேன். அவள் ராஜாவின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"எந் தம்பிதாம்ல" என்றாள் நிமிராமலே.

"ஒனக்கு ஏது தம்பி? மூஞ்சியப் பாத்தா அப்பிடித் தெரியலியே?"

"ஹெல்மெட்டுப் போட்டுப் போட்டு வெளுத்துப் போச்சு. மில்லுல இஞ்சினீரு. மனு எழுதுறதுல கெட்டிக்காரன். ஏழு விஷயம் எழுதுனாம்னா ஏழாவதா இருக்கிறவளை வீட்டைவிட்டே கெளப்பிருவான். ஒன் பேரு எத்தனாவதுன்னு வேணும்னா கேட்டுச் சொல்லட்டா?"

தெரு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. உடனே ஒன்றும் பூட்டைத் திறந்துவிடவில்லை, இன்னும் இரண்டு முறை நடக்க விட்டான். மூன்றாவது முறை நாங்கள் போனபோது தாழ்ப்பாளில் ஒரே ஒரு பூட்டுத்தான் தொங்கியது. பேச்சியக்கா கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றிச் சாவியைப் போட்டாள். சாவி திரும்பவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் மழையில் தொங்கிய பூட்டு. நான் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து இரண்டு சொட்டு விட்டேன். அந்தக் கதை முழுக்க, நான் படித்த படிப்பு உதவிய ஒரே இடம் அதுதான்.

குழியை மூடச் சொல்லி நான் இன்னொரு மனுப் போட்டேன், ஒரே ஒரு விஷயத்தோடு. மூடினார்கள். குழாய் மறுபடி கசிந்தது, மறுபடி தோண்டி, மறுபடி மூடினார்கள். நாலு தடவை ஆகிவிட்டது. அத்தைக்கு இப்போது முழங்கால் வலி, அவ்வளவு தூரம் நடக்க முடிவதில்லை. அதனால் சாயங்காலம் மில் விட்டதும் நான்தான் கிளையை ஒடித்து, துணியைக் கட்டி, நட்டுவிட்டு வருகிறேன். காலையில் எடுக்கிறேன். போன மாதம் அப்படி நட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு புது சைக்கிள் வந்து நின்றது. இருபத்து மூன்று வயது இருக்கும், பக்கத்து மில்லுக்குப் புதிதாக வந்த இன்ஜினியராம். தலையில் ஹெல்மெட். போனை எடுத்துக் கிளையை ஒரு படம், என்னை ஒரு படம் எடுத்தான்.

"எதுக்குத் தம்பி?"

"மனுவுக்கு சார்" என்றான், கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல். "இந்த ரூட்ல இருக்கிற இடைஞ்சல் எல்லாத்தையும் லிஸ்ட் போடுறேன்."

"என்னைய எத்தனாவது நம்பர்ல போட்டிருக்க?"

அவன் போனைப் பார்த்துவிட்டு, "நாலு சார்" என்றான். அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் குழி ஓரம் கூட்டிப்போய், கிளையைப் பிடுங்கித் தண்ணீருக்குள் விட்டுக் காட்டினேன். இடுப்புக்கு இறங்கியது. பையன் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் வம்சம் போல இருந்தது.

அன்றைக்குப் போகும் வழியில் அத்தை வீட்டில் இறங்கிச் சொன்னேன். நாலாவது நம்பர் என்றதும் அவளுக்குத் தாங்கவில்லை, என்னைவிட மூன்று இடம் முன்னால் போய்விட்டாயே என்றாள். பிறகு கதவை உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. நான் சைக்கிளை எடுத்தபோது ஜன்னலைத் திறந்து, "ஏலே ஹெல்மெட்டு" என்று கூப்பிட்டாள்.

"ஒன்னைய வேன்ல ஏத்துனா பயப்படாத. அக்கான்னு எழுதிக் குடுத்துக் கூட்டிட்டு வாரேன்."

பிறகு, "ஆனா ஒத்துக்கிட மாட்டேன்" என்று ஜன்னலைச் சாத்தினாள்.

உன் அப்பா